எல்லாச் சரணமும்

தேவாலயத்தில் பாட்டை அறிவிக்கும் போதகர், கூடவே ஒரு தள்ளுபடியையும் அறிவிப்பது வழக்கம். "முதல், இரண்டாவது, கடைசிச் சரணங்களைப் பாடுவோம்" என்பார். பாட்டில் எட்டுச் சரணம் இருக்கும். நடுவில் உள்ளதைக் கழித்துவிட்டு மூன்றைப் பாடினால் ஆண்டவரும் கோபித்துக்கொள்ள மாட்டார், வீட்டில் கறிக்குழம்பும் அடிப்பிடிக்காது. தமிழ்ச் சபைகள் எல்லாவற்றிலும் அமலில் இருக்கும் எழுதப்படாத ஏற்பாடு இது.

திருவண்ணாமலையில் எங்கள் சபையில் மட்டும் சில ஆண்டுகள் இந்த ஏற்பாடு செல்லுபடியாகவில்லை. பாட்டை அறிவித்தவர் போதகர். ஆர்கன் வாசித்தவர் அவருடைய மனைவி. எல்லாச் சரணத்துக்கும் மெட்டு ஒன்றுதான் என்பதால் ஆர்கனை வைத்து எந்தச் சரணம் ஓடுகிறது என்று சொல்ல முடியாது. அந்த அம்மாளின் குரலை வைத்துச் சொல்லலாம். இரண்டாவது முடிந்ததும் சபை கடைசிச் சரணத்துக்குத் தாவ வாயைத் திறக்கும். அதற்குள் மூன்றாவது சரணத்தின் முதல் வார்த்தை ஆர்கன் பக்கமிருந்து கிளம்பி, கடைசி பெஞ்சுச் சுவரில் மோதித் திரும்பியிருக்கும். சபை வாயை மூடி, பாட்டுப் புத்தகத்தில் மூன்றாவது சரணத்தைத் தேடும். போதகர் ஒவ்வொரு ஞாயிறும் அறிவித்தார். அந்த அம்மாள் ஒவ்வொரு ஞாயிறும் அது காதில் விழாதவராகவே இருந்தார். நல்ல இல்லறம் என்று பிரசங்கங்களில் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

சர்ச் வளாகத்திலேயே பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே அவர் தமிழாசிரியை, நான் கணக்கு வாத்தியார். சர்ச்சில் அவர் பாடகர் குழுவின் தலைவி, நான் அந்தக் குழுவில் கீழ்க்குரல். ஆக, ஊரில் நான் தப்பித்துப் போக இடமில்லை. பள்ளியில் என்னை 'சார்' என்பார், சர்ச்சில் 'தம்பி' என்பார். பள்ளி நேரத்தில் 'தம்பி' என்று கூப்பிட்டால் தலையில் ஏதோ இறங்கப்போகிறது என்று அர்த்தம்.

பாடகர் குழுவில் என்னைச் சேர்த்ததும் அப்படித்தான். ஆசிரியர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, சனிக்கிழமை சாயங்காலம் சும்மாதானே இருக்கீங்க?"

"எனக்குப் பாட வராது டீச்சர்."

"தெரியும். பிரேயர்ல நீங்க பாடறத கேட்டிருக்கேன். உங்க குரல் எதோடயும் ஒட்ட மாட்டேங்குது. பரவால்ல, கீழ்க்குரல்ல நில்லுங்க. அங்க ஜாஸ்தி யாரும் கவனிக்க மாட்டாங்க."

குள்ளமான உருவம். வெளிர் நிறத்தில் பருத்திப் புடவை, இடுப்பில் செருகிய கைக்குட்டை, மழையோ வெயிலோ இல்லாத நாளிலும் கையில் குடை. எங்கள் ஆர்கன் காலால் மிதித்தால் காற்று போகிற பழைய ரகம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தையல் மிஷினில் உட்காருவதுபோல் உட்காருவார். பிறகு அந்தக் கால்கள் நிற்காது. அத்தனை சரணமும் மிதித்துவிட்டு எழுந்திருக்கும்போது அவருக்கு மூச்சு வாங்காது. நின்று பாடிய எங்களுக்கு வாங்கும்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"மொத சரணம் எல்லாருக்கும் மனப்பாடம். கடைசி சரணத்துல எல்லாரும் செருப்பத் தேட ஆரம்பிச்சிடுவாங்க. நடுவுல உள்ளது மட்டும் யாரும் இல்லாம நிக்குது தம்பி. எழுதினவரு அதையும்தானே எழுதியிருக்காரு?"

எனக்கு அப்போது பசி மட்டும்தான் இருந்தது.

ஒரு அடக்க ஆராதனையில் சித்திரை வெயில் தலைக்கு மேல் நின்றது. பெட்டி குழிக்குப் பக்கத்தில். அங்கே ஆர்கன் கிடையாது, வெறும் குரல்தான். மூன்றாவது சரணத்தில் குழி வெட்டியவர்கள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வேப்பமர நிழலுக்குப் போனார்கள். ஐந்தாவதில் பீடி பற்றவைத்தார்கள். எல்லாம் முடிந்தபோது இறந்தவரின் தம்பி என் காதில் சொன்னார். "எங்கண்ணன் உயிரோட இருந்தா இவ்ளோ நேரம் நின்னிருக்க மாட்டாரு சார். எழுந்து வூட்டுக்குப் போயிருப்பாரு."

என் கல்யாணத்துக்கும் அவர்தான் வாசித்தார். உறுதிமொழி முடிந்து, மோதிரம் மாற்றி, நானும் என் மனைவியும் பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். பெண் பார்த்ததிலிருந்து அந்த நிமிஷம் வரை அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஐந்தாவது சரணத்தின் நடுவில், பட்டுப்புடவையின் கனமும் மாலையின் கனமும் சேர்ந்து அழுத்த, தலையைத் திருப்பாமல் என்னிடம் முதல் வார்த்தை பேசினாள். "இன்னும் எவ்ளோ இருக்கு?" இன்றுவரை ஏதேனும் ஒரு சந்தர்ப்பத்தில் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் கதை சொல்லும்போது முக்கியமாக.

ரமணாசிரமம் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் கிதாரோடு வந்து, ஆராதனையில் ஒரு பாட்டு பாட அனுமதி கேட்டார். போதகர் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார். சில பேர் உருகினார்கள், சில பேர் தூங்கினார்கள். முடிந்ததும் அவர் கண்ணைத் திறந்து புன்னகைத்தார். ஆர்கன் பக்கமிருந்து உண்மையான அக்கறையோடு ஒரு கேள்வி வந்தது.

"தம்பி, இவர்கிட்ட கேளுங்க. மீதி எங்க?"

நான் ஆங்கிலத்தில் அதை எப்படியோ கேட்டு வைத்தேன். அவர் நெஞ்சில் கை வைத்து, மீதி மௌனம் என்றார். அதையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். "பாவம், மறந்துட்டாரு போல" என்றார் டீச்சர்.

சபையார் வீடுகளைச் சந்திக்கப் போவதிலும் இதே கதைதான். போதகரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போவார். போதகர் ஒரு வீட்டில் ஜெபித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புவார். இவர் முதல் வீட்டிலேயே இருப்பார். அந்த வீட்டுக்காரம்மா மருமகளின் குணம் பற்றி ஆரம்பித்திருப்பார், அதை நடுவில் விட்டுவிட்டு எப்படி எழுந்து வருவது? போதகர் எல்லா வீட்டையும் முடித்துவிட்டு, திரும்பும் வழியில் வந்து ஏற்றிக்கொள்வார். ஒரு பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தில் வண்டியைத் திருப்ப முடியாமல் வேறு வழியாக வீட்டுக்குப் போய்விட்டார். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் பரிமாற ஆள் இல்லை என்பதைக் கவனித்தாராம். அங்கே டீச்சர் அப்போது, மருமகள் தரப்புக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வகுப்பிலும் தேர்வுக்கு வராத பாடம் என்று எதையும் விட மாட்டார். நேரம் போதாது. போதாத நேரம் என்னிடமிருந்து போகும். "உங்க பீரியட் குடுங்க சார். அவங்களுக்கு நீங்க நடத்துறதும் நடத்தாததும் ஒண்ணுதானே" என்பார். பத்தாம் வகுப்புப் பெண்கள் குபீரென்று சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே சாக்பீஸைக் கொடுத்துவிட்டு வருவேன். அதில் உண்மை இருந்தது என்பதற்கு அந்த வகுப்பிலேயே ஆதாரம் உட்கார்ந்திருந்தது.

அவள் பெயர் அமுதா. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். முதல் பெஞ்சிலும் இல்லை, கடைசி பெஞ்சிலும் இல்லை. நடு வரிசையில் சுவரோரம் உட்கார்ந்து, ஆசிரியர் கண் தன்மேல் படாதபடி முன்னால் இருப்பவளின் பின்னலுக்குப் பின்னால் இருக்கும் கலையை முழுமையாகக் கற்றிருந்தாள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் காலம் வந்தால் ஒரு மாதம் பள்ளிக்கு வரமாட்டாள். மற்ற பாடங்களில் எப்படியோ கரை ஏறிவிடுவாள். கணக்கில் மட்டும் ஒற்றை இலக்கம்.

எங்கள் பள்ளி தொடர்ந்து இரண்டு ஆண்டு நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டியிருந்தது. மூன்றாவது ஆண்டும் காட்டிவிட வேண்டும் என்று பள்ளிக் கமிட்டியின் செயலாளர் துடித்தார். மின்சாரத் துறையில் ஓய்வு பெற்றவர். 'ஹாட்ரிக்' என்று ஃப்ளெக்ஸ் போர்டுக்கு மாதிரிகூட போட்டு வைத்துவிட்டார், தேர்வுக்கு ஐந்து மாதம் முன்னால். அவர் கண்டுபிடித்த வழி சுலபமானது. பொதுத்தேர்வுக்குப் பெயர் அனுப்பும்போது அமுதாவின் பெயரை விட்டுவிட்டு, டி.சி. கொடுத்து, தனியாக எழுதிக்கொள்ளச் சொல்லிவிடுவது. ஒரு பெண்தானே?

அமுதாவின் அம்மாவைப் பள்ளிக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அந்த அம்மாள் சண்டை போடவில்லை. "அப்ப தை மாசமே எங்க தம்பிக்குக் கட்டிக் குட்த்துட்றோம் சார். அவனும் கேட்டுக்கினே கீறான்" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அமுதாவுக்கு அப்போது பதினைந்து வயது. 'தனியாக எழுதுவது' என்றால் என்ன என்று அறையில் இருந்த எல்லோருக்கும் அந்த நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

பள்ளிக்குத் தாளாளர் பதவி வழியில் எங்கள் போதகர்தான். அவர் கையெழுத்துப் போட வேண்டும். கார்த்திகை தீபம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் பிறகு கமிட்டி கூடிக் கையெழுத்து வாங்குவதாக ஏற்பாடு. சனிக்கிழமை பாடகர் பயிற்சியில் டீச்சரிடம் மெல்லக் கேட்டேன்.

"ஐயா என்ன சொல்றாரு?"

"கமிட்டி முடிவு, நான் என்ன பண்றதுன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

அந்தச் 'சரி'யைக் கேட்டதும் இது லேசில் முடியாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. போதகருக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. நான் போனபோது டீச்சர் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தை முடித்துவிட்டு வந்திருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். அங்கே என்ன பேசினார்கள் என்று, கூட்டத்துக்குப் போயிருந்த என் மனைவி வீட்டில் வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காதது எனக்கு இன்னொரு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

ஞாயிறு. தீபத்துக்கு வந்த உறவினர்களைப் பஸ் ஏற்றிவிட்டு ஊரே களைத்துப்போய் இருந்தது. பிரசங்கத்துக்கு முந்தின பாட்டை, வழக்கம்போல முதல், இரண்டாவது, கடைசி என்று போதகர் அறிவித்தார். வழக்கம்போல எட்டும் ஓடின. எட்டாவது ஓடும்போது அவர் பிரசங்க மேடையில் ஏறி, கண்ணாடியைத் துடைத்து, வேதத்தைத் திறந்து வைத்தார். ஆர்கன் வாசித்து முடிக்கும்வரை சபை உட்காரக் கூடாது, போதகர் பேசக் கூடாது. இது முறை.

எட்டாவது முடிந்தது. ஆர்கன் நிற்கவில்லை. டீச்சரின் குரல் முதல் சரணத்தை மறுபடியும் ஆரம்பித்தது. பெண்கள் பக்கம் மொத்தமும் ஒரு நொடிகூடத் தயங்காமல் சேர்ந்துகொண்டது.

ஆண்கள் பக்கம் குழப்பம். எனக்குப் பக்கத்தில் நின்ற டேவிட் அண்ணன், பக்கத்தைப் புரட்டியபடி கேட்டார். "இன்னா தம்பி, புக்ல ஏதாச்சும் ஒட்டிக்கினு கீதா?"

"இல்லண்ணே. திரும்ப மொதல்லேர்ந்து."

"எதுக்கு?"

"பாடுங்கண்ணே."

இரண்டாவது சுற்றின் நடுவில் போதகர் ஒருமுறை இருமினார். டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாவது சுற்று தொடங்கியபோது முன்வரிசையில் செயலாளரின் கழுத்து சிவந்துவிட்டது. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தன் துறை சார்ந்த தீர்வு ஒன்றும் தோன்றிவிட்டது. வாட்ச்மேனைப் பார்த்துக் கையால் ஸ்விட்சைக் கீழே இழுப்பதுபோல் சைகை செய்தார். வாட்ச்மேன் போய் மெயினை அணைத்தார். விசிறிகள் எல்லாம் நின்றன. விளக்குகள் நின்றன. மைக் நின்றது. காலால் மிதிக்கிற ஆர்கன் நிற்கவில்லை. விசிறிச் சத்தம் போனதில் பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்டது.

சின்னப் பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆண்கள் பக்கம் ஒவ்வொருவராகப் பாடுவதை விட்டோம். பெண்கள் விடவில்லை. என் மனைவியைப் பார்த்தேன். புத்தகம்கூடப் பார்க்காமல் பாடிக்கொண்டிருந்தாள், நடுச் சரணங்கள் உட்பட.

பிரசங்க மேடை ஆர்கனுக்குச் சற்று மேலே இருந்தது. போதகர் கைப்பிடியில் சாய்ந்து குனிந்தார். கீழ்க்குரல்காரர்கள் நின்ற இடத்துக்கு எல்லாமே கேட்டது.

"டீச்சர்..."

"என்னங்க?" கைகள் கட்டையிலேயே இருந்தன.

"ஜனங்க நிக்கறாங்க."

"நானும் மிதிச்சிட்டுதான் இருக்கேன்."

போதகர் ஓய்வு பெற மூன்று நான்கு ஆண்டுகளே இருந்த மனிதர். கமிட்டியோடு மோதினால் எந்த ஊருக்குத் தூக்கியடிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும், மனைவிக்கும் தெரியும். ஒரு சரணம் முழுக்க யோசித்தார்.

"சரி. பேர் அனுப்பிடலாம்."

"எங்கிட்ட சொல்லி என்ன பண்றது? எல்லாருக்கும் சொல்லுங்க."

மைக்கைத் தட்டினார். செயலாளர் புண்ணியத்தில் அது செத்துக் கிடந்தது. எங்கள் போதகர் குரலை உயர்த்தி நாங்கள் யாரும் கேட்டதில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, பிரசங்கத் தமிழையும் விட்டுவிட்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

"பத்தாவதுல எல்லாப் பிள்ளைங்க பேரும் போவும்! ஒருத்தர் பேரும் வுட மாட்டேன்!"

அதோடு பாட்டு நின்றது என்று நினைத்தீர்களானால் இதுவரை நான் சொன்னதை நீங்கள் கவனிக்கவில்லை. அப்போது நான்காவது சரணம் ஓடிக்கொண்டிருந்தது. எட்டும் முடிந்து 'ஆமென்' வாசித்த பிறகுதான் டீச்சர் கையை எடுத்தார். அன்றைய பிரசங்கம் மிகச் சுருக்கம். வாசலில் கை குலுக்கிய பலரும், இவ்வளவு ஆழமான செய்தியை இதுவரை கேட்டதில்லை என்று போதகரிடம் சொன்னார்கள்.

பிரசங்கம் முடிந்தது, என் கஷ்டம் ஆரம்பித்தது. திங்கட்கிழமை ஆசிரியர் அறை.

"தம்பி."

தேநீரைக் கீழே வைத்தேன்.

"பள்ளிக்கூடம் விட்டதும் அமுதாவுக்கு நீங்க கணக்கு சொல்லிக் குடுக்கறீங்க. அவ பஸ் வர்ற வரைக்கும்."

"அவளுக்கு ஏறாது டீச்சர்."

"உங்களுக்குப் பாட்டு ஏறிச்சா? குழுவுல இல்ல?"

மார்ச் வரை தினமும் சொல்லிக்கொடுத்தேன். முடிவு வந்தது. வகுப்பில் மற்ற எல்லோரும் தேர்ச்சி. அமுதா கணக்கில் மட்டும் போய்விட்டாள், மயிரிழையில். செயலாளர் போதகர் வீட்டுக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"ஒரே ஒரு பொண்ணு. ஒரே ஒரு பொண்ணால போர்டு போச்சு. இப்ப திருப்திங்களாம்மா?"

"உக்காருங்க. டீ குடிங்க" என்றார் டீச்சர். "அரையாண்டுல ஒம்பது மார்க் எடுத்தவ முப்பத்தி ரெண்டு எடுத்திருக்கா. எவ்ளோ ஜாஸ்தி பாருங்க. நம்ம தம்பி பரவால்ல."

என் பதினைந்தாண்டு ஆசிரியப் பணியில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். செயலாளர் டீயைக் குடிக்கவில்லை. அந்த மாதமே போதகருக்கு மாற்றல் வந்தது, கடலூர்ப் பக்கம் கடலோரமாக ஒரு சின்ன சபைக்கு. டீச்சருக்கும் அங்கே ஒரு பள்ளியில் இடம். அவர் பாத்திரம் கட்டுவதைக்கூட ஆரம்பிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறிவிட்டார்.

வழியில் நான் யோசனை சொன்னேன். "பதினஞ்சு வயசுல கல்யாணம் பண்ணினா கலெக்டர் ஆபீஸ்ல சொல்லிடுவோம்னு ஒரு மிரட்டு மிரட்டலாம் டீச்சர்."

"மிரட்டலாம். நம்ம பஸ் ஏற வரைக்கும் பயந்துக்குவாங்க. அப்பறம்?"

அமுதாவின் அம்மா வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அமுதா உள்ளேயிருந்து வரவில்லை. அவளுடைய மாமன் லோடு வண்டியைத் துடைப்பதுபோல் அருகிலேயே நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"ஃபெயிலாயிட்டா இல்ல மிஸ்ஸு? இன்னும் இன்னா பண்றது? பொண்ண வெச்சிக்கினு குந்தினு இருக்க முடியுமா?"

"ஜூன்ல திரும்ப எழுதலாம்" என்று நான் வாயைத் திறந்தேன். டீச்சர் என் கையில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு அவரும் தரையில் உட்கார்ந்து மல்லாட்டை உரிக்க ஆரம்பித்தார். "சொல்லும்மா" என்றார்.

அந்த அம்மாள் சொன்னார். மழை இல்லாதது, கிணறு வற்றியது, புருஷனுக்கு இடுப்பு விழுந்தது, மாடு செத்தது. நான் கடைசி பஸ்ஸைப் பற்றி யோசித்தேன். டீச்சர் "ம்" என்றார். நாத்தனார் சண்டை. "ம்." வரப்புத் தகராறு. "ம்." நான் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துக் கனைத்தேன். வெயில் இறங்கி, நிழல் நாற்காலியைத் தாண்டிப் போய்விட்டது. உரித்த மல்லாட்டை ஒரு முறம் சேர்ந்துவிட்டது.

வரப்பு கதைக்கும் மாமியார் கதைக்கும் இடையில் எங்கோ, யாரும் கேட்காமலே, அந்த அம்மாள் ஒன்றைச் சொன்னார். "நானும் எட்டாவது பட்ச்சிக்கினு இருந்தேன் மிஸ்ஸு. நல்லாத்தான் பட்ப்பேன். பரிட்சைக்கு மொத நாளு பொண்ணு பாக்க வந்துட்டாங்கோ."

டீச்சர் உரிப்பதை நிறுத்தினார். "என்ன பாடம் பரிட்சை?"

"கணக்குதான்."

"நல்லா போடுவியா?"

"வட்டிக் கணக்குலாம் வாயாலயே போட்ருவேன்." சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு இன்னொரு கை மல்லாட்டையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டார். மாமியார் கதை வரவே இல்லை.

"அக்கா, இன்னாதான் முடிவு?" என்றான் மாமன் வண்டிப் பக்கமிருந்து.

"சும்மா இருடா. நீ ஒம்பதாவது தாண்டல, ஒனக்கு இன்னா அவசரம்?" என்று திரும்பாமலே சொன்னார் அந்த அம்மாள். "ஜூனு தானே மிஸ்ஸு? எழ்தட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

டீச்சர் புடவையில் ஒட்டிய தோலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கடைசி பஸ் போய்விட்டது. மாமன்தான் எங்களை லோடு வண்டியின் முன்னால் உட்காரவைத்துத் திருவண்ணாமலையில் கொண்டுவந்து விட்டான். வழி நெடுக அவன் தன் கதையைச் சொன்னான். டீச்சர் அதையும் கேட்டார்.

அடுத்த வாரம் லாரியில் சாமான் ஏறியது. என்னிடம் விடைபெறும்போது, "ஜூன் வரைக்கும் தினம் சொல்லிக் குடுங்க தம்பி. அவளுக்கு வட்டிக் கணக்குலேர்ந்து ஆரம்பிங்க. சந்தேகம்னா அவங்க அம்மாவக் கேளுங்க" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. என்னைவிட அந்த அம்மாள் விளக்கியது அமுதாவுக்குச் சீக்கிரம் புரிந்தது.

துணைத்தேர்வு முடிவு வந்த அன்று, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் அமுதாவோடு வரிசையில் நின்றேன். பையன் எண்ணைத் தட்டினான். திரை சுற்றியது, சுற்றியது, பிறகு வந்தது. அமுதா கணக்குப் பாடத்துக்கு நேரே இருந்ததை விரலால் தொட்டுப் படித்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, பையனிடம் ஏதோ காரணமில்லாமல் கோபித்துக்கொண்டேன்.

"மிஸ்ஸுக்குச் சொல்லணும் சார்" என்றாள்.

வெளியே வந்து என் செல்போனில் கூப்பிட்டேன். போதகர் எடுத்தார். பின்னால் ஆர்கன் சத்தம். புது சபை போல, குரல்கள் இன்னும் ஒட்டவில்லை.

"ஐயா, டீச்சர் இருக்காங்களா? அமுதா ரிசல்ட்டு."

"பயிற்சி நடக்குது தம்பி. இப்பதான் பாட்டு ஆரம்பிச்சிது." குரலைத் தாழ்த்தினார். "பாஸா?"

"கூப்பிடுங்களேன்."

"நானா? நடுவுல நிறுத்தச் சொல்லியா?" என்று பதறினார். "பொண்ணு பக்கத்துல இருக்குதா? போனை அதுகிட்ட குடுங்க. அதுவே சொல்லட்டும். நான் இங்க ஆர்கன் மேல வெச்சிடறேன்."

போனை அமுதாவிடம் கொடுத்தேன். காதில் வைத்துப் பாட்டைக் கேட்டுக்கொண்டு அசையாமல் நின்றாள். பஸ் ஸ்டாண்டில் வேலூர் வண்டிக்காரன் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தான். அவள் இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள். நான் பொறுத்துப் பார்த்தேன். என்னால் பொறுக்க முடிகிற அளவு உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

"கட் பண்ணிட்டு அப்பறமா கூப்பிடலாமாம்மா?"

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

"இன்னும் நெறைய கீது சார்" என்றாள். கடையின் பந்தல் நிழலுக்கு நகர்ந்து, போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். "இருக்கட்டும்."